வாகைக்கோட்டையின் அச்சு

வாகைக்கோட்டையில் சக்கரங்களெல்லாம் நின்றுபோன அன்று காலையில், கோசலை வழக்கம்போலத் தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, வழக்கம்போல ஊரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். தெரு நடுவில் பால்காரர் சைக்கிள் பெடலின் மேல் ஏறி நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார், சைக்கிள் அசையவில்லை; முக்கில் டவுன் பஸ் ஒன்று பேச்சுமூச்சில்லாமல் நின்றது, அதை ஒரு கூட்டம் பின்னாலிருந்தும் இன்னொரு கூட்டம் முன்னாலிருந்தும் தள்ளிக்கொண்டிருந்தது, ஒரு கூட்டம் தள்ளுவது மற்றக் கூட்டத்துக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் மின்விசிறி நின்றது, தையற்கடையில் மெஷின் நின்றது, கிரைண்டர் நின்றது, கிணற்றுக் கப்பி நின்றது, சுவர்க் கடிகாரங்களுக்குள்ளே பல்சக்கரங்கள் நின்றன. பேரூராட்சித் தலைவர் தங்கப்பழத்தின் புதுப் பங்களாவில் உருண்டைக் கைப்பிடி வைத்த குளியலறைக் கதவு திறக்க மறுத்ததால், தலைவர் மதியம்வரை உள்ளேயே இருந்து, கோடாரியால் கதவைப் பிளந்த பிறகு இடுப்பில் துண்டோடு வெளியே வந்து, நிலைமை கட்டுக்குள் இருப்பதாக அறிவித்தார்.

அச்சு என்று ஒன்றை வைத்து அதில் கோத்த எதுவும் அந்த ஊர் எல்லைக்குள் திரும்பவில்லை. அச்சில்லாமல் வெறுமனே உருளுகிறவை உருண்டன. எலுமிச்சம்பழம் உருண்டது, கோலிக்குண்டு உருண்டது, குடித்துவிட்டு வாய்க்கால் கரையில் படுத்திருந்தவர்கள் உருண்டார்கள். ஊருக்குக் கிழக்கே இறக்கத்தின் அடியில் இருந்த எல்லைக்கல்லைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களும் ஒழுங்காகச் சுற்றின. கோசலைக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. அந்த ஊரில் எதுவும் முன்னே போய் அவள் பார்த்ததில்லை.

சின்ன வயதில் வந்த போலியோவில் அவளுக்குக் கால்கள் இரண்டும் சூம்பிப்போயின. அண்ணன் வெயிலுமுத்து வீட்டின் முன்னறையில் அவள் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஊரில் அவளுக்குப் பெயர் கிடையாது. "வண்டி வருது, ஒதுங்கு" என்பார்கள். "வண்டிகிட்ட பிள்ளைய விட்டிருக்கேன்" என்பார்கள். வழிகாத்த அம்மன் கோயிலுக்குள் அவள் போனதில்லை. வாசலில் படிகள், நாற்காலியோடு தூக்கிப் படிகளைக் கடத்திவிடலாம் என்று மதினி பேராச்சி ஒருமுறை முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றபோது, தர்மகர்த்தா சொரிமுத்து, "தெருவுல உருண்ட சக்கரம் சந்நிதிக்குள்ள வரப்படாதும்மா" என்று தன் தோல் செருப்பை வாசலில் விடாமலே சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஊர் முழுக்க ஒரு சக்கரமாவது சுற்றாதா என்று தேடினார்கள். வெயிலுமுத்து சைக்கிள் கடைக்காரன். கடையிலிருந்த ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, கிரீஸைக் கொழக்கொழவென்று அப்பி, மாட்டி, உதைத்து, கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதான். தலைவர் ஒரு குழு அமைத்தார். குழு தெருத் தெருவாகப் போய்ச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தது. அந்தக் குழுவுக்கு நேர் எதிரே, கடைக்கு உப்பு வாங்கப் போய்க்கொண்டிருந்த கோசலை, இரண்டு பெரிய சக்கரங்களையும் கைகளால் தள்ளித் தள்ளி, அவர்களுக்கு நடுவிலேயே புகுந்து போனாள். "வண்டி வருது, ஒதுங்கு" என்று ஒதுங்கி வழிவிட்டு, குழு மேலே தேடப் போனது.

வீட்டுக்கு வந்ததும் பேராச்சிதான் கவனித்தாள். உலையில் அரிசியைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"கோசலை, உன் வண்டி சுத்துது."

"சுத்தாம? காலையிலேருந்து சுத்திக்கிட்டுத்தான் இருக்கு."

"ஊருல ஒண்ணுமே சுத்தலியே."

"அதுக்கு நான் என்ன பண்ண? எவனும் கேக்கல. நானும் சொல்லல."

பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. கோசலை தினமும் தெருவில் போய் வந்தாள், கடைக்குப் போனாள், குளத்தங்கரைக்குப் போனாள், அவளை ஒருவரும் பார்க்கவில்லை. பல வருஷங்களாகப் பார்க்காமல் பழகிய கண்கள் அவை, திடீரென்று எப்படிப் பார்க்கும்?

முதலில் ஊர் கோபப்பட்டது, பிறகு பயப்பட்டது, பிறகு மழையில் நனைந்த கோழி சிலிர்த்துக்கொள்வதுபோலச் சிலிர்த்துக்கொண்டு அதைப் பெருமையாக்கிக்கொண்டது. டிவிக்காரர்கள் வந்தார்கள்; எல்லைக்கல்லில் வேனை நிறுத்திவிட்டு கேமராவைத் தோளில் சுமந்து மேடேறினார்கள். உலகமே அலைந்துகொண்டிருக்கிறது, வாகைக்கோட்டை ஒன்றுதான் நிலையாக நிற்கிறது என்று தங்கப்பழம் பேட்டி கொடுத்தார். அரிசி மூட்டைகள் தலையில் ஏறின, சிலிண்டர்கள் தோளில் ஏறின, தண்ணீர் குளத்திலிருந்து பெண்களின் இடுப்பில் ஏறியது. கொஞ்ச நாளில் தலைவரின் மூட்டு வலியை முன்னிட்டு அவரும் தோளில் ஏறினார். ஒரு பிரம்பு நாற்காலியில் மூங்கில் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். அடுத்த வாரம் தர்மகர்த்தா தன் தேக்கு நாற்காலியில் ஏறினார், அதற்கு விதானம் இருந்தது. அதற்கடுத்து ஜவுளிக்கடைக்காரர், வாத்தியார் சங்கத் தலைவர், ரேஷன் கடைக்காரர். நேற்றுவரை ஒரே பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் இப்போது மேலே இருந்தார்கள், பாதிப் பேர் கீழே இருந்தார்கள். மேலே இருந்தவர்கள் மேல் கோசலைக்கு இருந்த வெறுப்பைவிடக் கீழே இருந்தவர்கள் மேல்தான் வெறுப்பு அதிகம். "நான் தலைவர் பல்லக்குக்கு முன்பக்கத்து வலது தோள்" என்று ஒருவன் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதையும், பின்பக்கத்து இடது தோள் அவனைப் பொறாமையோடு பார்த்ததையும் அவள் பார்த்தாள்.

"தூ" என்றாள். டீக்கடையில் யாரும் திரும்பவில்லை.

முன்னறையில் பிள்ளைகள் மட்டும் கேள்வி கேட்டார்கள். பெரியவர்கள் எப்போதோ நிறுத்திவிட்ட பழக்கம் அது.

"டீச்சர், அச்சுன்னா என்ன? எல்லாரும் அச்சு கெட்டுப்போச்சுங்காங்க."

கோசலை அலமாரியிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து, துடைத்து, வகுப்பிலேயே பலசாலியான இசக்கியம்மாளிடம் கழுத்துப் பக்கத்தையும், இருப்பதிலேயே நோஞ்சானான முப்பிடாதியிடம் வயிற்றுப் பக்கத்தையும் கொடுத்தாள். "இறுக்கிப் பிடிங்க. நீ அந்தப் பக்கம் திருகு, இவ இந்தப் பக்கம் திருகட்டும்."

இசக்கியம்மாளின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பாட்டில் முப்பிடாதி திருப்பிய பக்கமே திரும்பியது. பிள்ளைகள் கத்தினார்கள். இசக்கியம்மாள் மறுபடி மறுபடி திருகிப் பார்த்துத் தோற்றாள்.

"பாட்டிலோட வயிறுதான் சக்கரம். கழுத்துதான் அச்சு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒண்ணாத் திரும்புது. வயிறு பெரிய வட்டம், அதனால முப்பிடாதி கை ரொம்ப தூரம் சுத்தி வருது. கழுத்து சின்ன வட்டம், இருந்த இடத்துலயே கொஞ்சூண்டு திரும்புது. கொஞ்ச பலத்தை ரொம்ப தூரத்துக்குக் கொடுத்தா, அது நடுவுல கொஞ்ச தூரத்துக்கு ரொம்பப் பலமா வந்து நிக்கும். தலைவர் வீட்டுக் கதவுக் கைப்பிடி உருண்டையா இருக்குல்லா? அது இதான். உள்ளே இருக்க சின்னக் கம்பிய மட்டும் பிடிச்சுத் திருகச் சொல்லு, அவுக கையி வெந்துபோகும்."

"அப்ப வண்டிச் சக்கரம்?" என்றாள் முப்பிடாதி.

"மூட்டையத் தரையில இழுத்தா முழு மூட்டையும் தரையோட மல்லுக்கட்டும். சக்கரம் வச்சா அந்த உரசல் எல்லாம் நடுவுல அச்சுகிட்ட ஒரு சின்ன இடத்துக்குப் போயிரும். அந்த இடத்துல எண்ணெய் விட்டாப் போதும். சக்கரம் சுத்தும், பாரத்தைத் தாங்குறது அச்சு. யாரும் அதைப் பாக்க மாட்டாக."

"அச்சு இல்லாம உருளுதே, கோலிக்குண்டு?"

கோசலை முப்பிடாதியை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஊரில் அவளுக்கு ஒருவரைப் பிடித்துப்போவது அபூர்வம். "அதை நீங்களே போய்ப் பாருங்க" என்றாள்.

பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள். எங்கிருந்தோ பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி வந்து தரையில் வரிசையாகப் போட்டு, ரேஷன் கடை வாசலில் கிடந்த ஒரு அரிசி மூட்டையை அதன்மேல் ஏற்றி, பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து எடுத்து முன்னால் போட்டு, கூச்சல் போட்டுக்கொண்டு தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போனார்கள். அச்சு இல்லை, அதனால் குழாய்கள் உருண்டன. ஒரு முழு ஊரும் முதுகு ஒடியச் சுமந்துகொண்டிருந்ததை ஆறேழு பொடிசுகள் சிரித்துக்கொண்டே தள்ளின. சாயங்காலமே பேரூராட்சியில் கூட்டம் போட்டார்கள். பல்லக்குத் தூக்கிகளின் மனம் புண்படும் என்றும், ஊரின் பெருமைக்கு இழுக்கு என்றும் சொல்லிக் குழாய் உருட்டுவதைத் தடை செய்தார்கள். முதலில் கை தட்டியவர்கள் தூக்கிகள்தான். அந்தக் கைத்தட்டல் வீட்டுக்குள் கேட்டபோது, கோசலை ஜன்னலைச் சாத்தினாள்.

கடைசியில் அவளை ஊர் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். தர்மகர்த்தாவின் விதான நாற்காலி தெருவில் வரும்போது எதிரே கோசலை வந்தாள். "வண்டி வருது" என்று தூக்கிகள் ஒதுங்கினார்கள், ஒதுங்கியதில் ஒருவன் சாக்கடையில் காலை விட்டான், விதானம் சாய்ந்தது, தர்மகர்த்தா தெருவில் விழுந்தார். விழுந்தவரின் மூக்குக்கு நேராக ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டு போனது. அந்த உயரத்திலிருந்துதான் அவரால் பார்க்க முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டு வாசலில் கூட்டம். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், குங்குமம் அப்பினார்கள், டயரின் மண்ணைச் சுரண்டி மடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி, இத்தனை வருஷமும் தன் வாசலில் டயர்த் தடம் விழுகிறது என்று சாணியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தவள், கோசலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்லையா, அம்மா?" என்றாள்.

"சாணி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டாள் கோசலை.

அவளை இறக்கிவிட்டு நாற்காலியை மட்டும் உருட்டிப் பார்த்தார்கள். சுற்றவில்லை. தங்கப்பழம் உட்கார்ந்து பார்த்தார், சொரிமுத்து உட்கார்ந்து பார்த்தார், ஒரு ஆட்டுக்குட்டியை உட்காரவைத்துப் பார்த்தார்கள், சுற்றவில்லை. கோசலையைத் தூக்கி வைத்ததும் சக்கரங்கள் சாதாரணமாகச் சுற்றின. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையும் இல்லை. வெறுப்பில் ஓடுது என்றாள் பேராச்சி. அதைவிட நல்ல காரணத்தை அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை.

பங்குனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வழிகாத்த அம்மனின் தேர் அதன் கொட்டகைக்குள் மலைபோல நின்றது. அதை அசைக்க ஊரால் முடியாது. தேர் ஓடாத வருஷம் வாகைக்கோட்டைக்கு ஆகாது. ஆகவே குழு கூடியது. அம்மனின் உற்சவச் சிலை இரண்டு சாண் உயரம்தான், வண்டியில் வைத்து நான்கு வீதியும் வரலாம் என்றார்கள். வண்டி சுற்ற வேண்டுமானால் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே அம்மனை அவள் மடியில் வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. அம்மன் ஒரு மனுஷி மடியில் உட்காரலாமா? அதுவும் கோயில் படி ஏறாத ஒருத்தியின் மடியில்? வெற்றிலைத் தட்டுகள் காலியாகிக்கொண்டே இருந்தன. முடிவாகத் தர்மகர்த்தா எழுந்து சொன்ன யோசனையை எல்லோரும் கைதட்டி ஏற்றார்கள். அதைச் சொல்ல அவரே வீட்டுக்கு வந்தார்.

"கோசலை," என்றார். ஊரில் ஒருவர் அவள் பெயரைச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "உன்னை மனுஷியாக் கணக்குல எடுக்க வேண்டாம்னு குழு முடிவு பண்ணிருக்கு. நீ அந்த வண்டிக்கு அச்சு. அச்சு மேல சாமி இருந்தா தோஷம் கிடையாது. தேர்லயும் அச்சு மேலதானே சாமி இருக்கு?"

"அச்சுக்குச் சோறு போடுவீங்களா அண்ணாச்சி, இல்ல மசகுதானா?"

தர்மகர்த்தா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "நைவேத்தியத்துல பங்கு உண்டும்மா. திருவிழா முடிஞ்சதும் நீ தேர்க் கொட்டகையில இருந்துக்கிடலாம். அச்சு வீட்டுக்குப் போற வழக்கம் இல்லைல்லா? பூட்டு, காவல், எல்லாம் கோயில் பாத்துக்கிடும்."

"எத்தனை நாளைக்கு?"

"தேருக்கு எத்தனை நாளோ அத்தனை நாளைக்கு."

கோசலை அண்ணனைப் பார்த்தாள். வெயிலுமுத்து புது வேட்டியில் தூணோரம் நின்றிருந்தான். சைக்கிள் கடை மூடிய நாளிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தில்தான் வாசலில் கூட்டம் சேர்ந்தபோதும் அவள் பேசாமல் இருந்தாள்.

"நீ என்னண்ணே சொல்லுதே?"

"நான் சம்மதிச்சுட்டேன்," என்றான் அவன் தூணைப் பார்த்து. "நமக்குப் பரம்பரை உரிமை தாராங்க, கோசலை. வடத்துல முதல் கை நம்ம வீட்டுக் கை. போக வர ஒரு பல்லக்கும் உண்டு. நீ சும்மா உக்காந்துதானே இருக்கே, எங்க உக்காந்தா என்ன?"

அடுப்படியில் பேராச்சியின் கையிலிருந்து எதுவோ விழுந்தது. பெரிய அண்டாவாக இருக்க வேண்டும், அதன் சத்தம் அடங்க நேரமானது. வாசலுக்கு வந்து நின்று புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் கோசலையைக் குளிப்பாட்டி, தூக்கி, நாற்காலியில் வைத்து, வாசற்படி தாண்டி இறக்கி விட்டவள் அவள்தான். அந்தப் பாரத்தை ஒருநாளும் பாரம் என்று சொன்னவள் இல்லை.

அன்றிலிருந்து டியூஷனை நிறுத்தினார்கள். அச்சைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று முன்னறைக்கு வெளியே ஆள் போட்டார்கள். பெண்கள் குழு ஒன்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, அச்சுக்கு எண்ணெயிட வேண்டும் என்று அவள் தலையிலும் தோளிலும் முழங்கையிலும் கோயில் எண்ணெயைத் தேய்த்தது. அவள் பேச்சு கொடுத்தாலும் பதில் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்போல, அச்சுதான் பேசாதே. கோசலை அவர்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லித் திட்டினாள், அவர்கள் அதைச் சக்கரம் கிறீச்சிடும் சத்தமாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு பேராச்சி சீயக்காயும் வெந்நீரும் கொண்டுவந்து அந்த எண்ணெயைக் கழுவிவிட்டாள். அப்போதுதான் கோசலை அழுதாள். மதினி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழாத. தேர் அன்னைக்கு வண்டிக்குப் பின்னால பிடியப் பிடிக்க ஆள் வேணுமாம். நான் பிடிக்கேன்னு சொல்லிட்டேன்."

"ஆம்பளைக நிக்காவளே. உன்ன விட்டாகளா?"

"அது பொம்பள செய்யுற வேலைதான்னு சொல்லிட்டாக. பின்னால நின்னு தள்ளுறது."

கோசலை மூக்கைத் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் சீயக்காய் நுரையோடு, மதினியைத் திரும்பிப் பார்த்தாள்.

தேரன்று ஊர் முழுவதும் வீதியில் நின்றது. நாற்காலிக்குப் பட்டு சுற்றி, சக்கரங்களுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கோசலையின் கழுத்தில் மாலை இல்லை. அச்சுக்கு மாலை போடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது? வழிகாத்த அம்மனை அவள் மடியில் இறக்கினார்கள். இத்தனை வருஷமும் படிக்குக் கீழே இருந்து கற்பூர வெளிச்சத்தில் புள்ளியாகப் பார்த்த முகம், இப்போது அவள் மோவாயின் கீழ் இருந்தது. சின்ன முகம். மூக்கு தேய்ந்திருந்தது. தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியதில் சிரிப்பும் பாதி அழிந்திருந்தது. சிலை கீழே விழுந்துவிடக்கூடாது என்று கோசலை தன் முந்தானையால் அதை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பக்தி என்று நினைத்துப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முன்னால் இரண்டு பட்டு வடங்கள். முதல் கையாக வெயிலுமுத்து. சாமிக்கு முன்னால் போகக் கூடாது என்பதால் தலைவரின் பல்லக்கும் தர்மகர்த்தாவின் பல்லக்கும் மற்றப் பல்லக்குகளும் பின்னால் வரிசையாக வந்தன. வடத்தை இழுக்கவே தேவையில்லை. அது சும்மா ஒப்புக்குத்தான். கோசலையின் கைகள் தள்ளின, பேராச்சி பின்னால் தள்ளினாள், மேளம் முழங்கியது, தெற்கு வீதி போனது, மேற்கு வீதி போனது, வடக்கு வீதி போனது, கிழக்கு வீதியில் திரும்பினார்கள். கிழக்கு வீதி பாதியில் கோயில் பக்கமாக வளைகிறது. வளையாமல் நேரே போனால் தார் ரோடு, எல்லைக்கல்வரை ஒரே இறக்கம். வளைவில் பிள்ளைகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். முப்பிடாதி மட்டும் கையை ஆட்டினாள், அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"மதினி," என்றாள் கோசலை, "விட்டுரு."

"விட்டா நிக்காது."

"நிக்கணும்னா நான் கேக்கேன்?"

பேராச்சி விடவில்லை. புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினாள், நாற்காலியின் பின்புறம் கீழே இருந்த கம்பியில் ஒரு காலை வைத்தாள், மற்ற காலால் ரோட்டை ஓங்கி ஒரு உந்து உந்திவிட்டு, அந்தக் காலையும் கம்பியில் ஏற்றிக்கொண்டாள்.

வண்டி இறக்கத்தில் பாய்ந்தது. வடம் பிடித்தவர்களை வண்டியே முந்தியது; அவர்கள் இரண்டு பக்கமும் தாவி முள்வேலியில் விழுந்தார்கள், வெயிலுமுத்து மட்டும் வடத்தை விடாமல் கொஞ்ச தூரம் புது வேட்டியோடு தரையில் இழுபட்டு வந்து, பிறகு பரம்பரை உரிமையைக் கைவிட்டான். சாமந்தி மாலைகள் அறுந்து பறந்தன. பின்னால் ஊர் கத்தியது. "பிடிங்கல, ஓடுங்கல!" என்று தங்கப்பழம் பல்லக்கில் எழுந்து நின்று கத்த, தூக்கிகள் ஓட, அவர் ஒரு பக்கமும் பிரம்பு நாற்காலி ஒரு பக்கமுமாகப் போனார்கள். அதன்மேல் தர்மகர்த்தாவின் விதானம் வந்து விழுந்தது, அதன்மேல் ஜவுளிக்கடைக்காரர் விழுந்தார், வாத்தியார் சங்கம் விழுந்தது. ஒரு சைக்கிள் ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். அந்த ஊரில் ஓடுகிற சைக்கிள் இல்லை.

கோசலைக்குக் காது அடைத்தது. கண்ணில் நீர் வழிந்தது, காற்றில்தான். வாழ்நாளெல்லாம் அவள் போன வேகம் அவள் தோளின் வேகம்தான். இப்போது தோளுக்கு வேலையே இல்லாமல் மரங்களும் கம்பங்களும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மடியில் அம்மனின் கிரீடம் அவள் மோவாயில் இடித்துக்கொண்டே வந்தது. காதுக்குப் பக்கத்தில் பேராச்சி, அந்த வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்தாத பேராச்சி, வாயைத் திறந்து ஓவென்று கூவிக்கொண்டு வந்தாள்.

எல்லைக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடி வண்டி தானாக நின்றது. அங்கே உலகம் எதுவும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு லாரி போனது, ஒரு மொபெட் போனது. பேராச்சி இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து, மறுபடி எழுந்து வந்தாள். கோசலை முந்தானையை அவிழ்த்தாள். இரண்டு பேரும் அம்மனைத் தூக்கி எல்லைக்கல்லின் மேல் உட்காரவைத்தார்கள். பேராச்சி கலைந்த பட்டைச் சரிசெய்து, புழுதி படிந்த முகத்தை ஈரக்கையால் துடைத்துவிட்டாள்.

"தாயி, உன்னையும் கூட்டிட்டுப் போகலாம்," என்றாள் கோசலை. "உன்னத் தேடி நாடெல்லாம் வருவானுவ. எங்களத் தேடி ஒருத்தனும் வர மாட்டான்."

மேட்டில் கூட்டம் புள்ளிபுள்ளியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது பிரைவேட் பஸ். பேராச்சி கையைக் காட்டினாள். கண்டக்டர் இறங்கி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், கோசலையைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தார். எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"இது எங்க போகுது?" என்று கேட்டாள் பேராச்சி.

அவர் சொன்னார். அந்த ஊருக்கே இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஊரும் ஒன்றும் பிரமாதமில்லை. அங்கேயும் கோசலை முகத்தைச் சுளிக்கத் தினமும் காரணங்கள் இருந்தன. பேராச்சி பள்ளிக்கூடத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி வியாபாரம் செய்தாள். வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கோசலை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாகைக்கோட்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. அங்கே சக்கரங்கள் இன்னும் நின்றுதான் இருந்தன. அதை யாரும் இப்போது குறையாகச் சொல்வதில்லை என்று கேள்வி.

அடுத்த பங்குனியில் இட்லி தின்ன வந்த ஒருவர் செல்போனை நீட்டி, "அக்கா, இந்தக் கூத்தைப் பாருங்க" என்றார். வாகைக்கோட்டை அம்மன் இறங்கு திருவிழா. அம்மன் தன் எல்லையைப் பார்க்கத் தானே விரும்பி இறங்கி ஓடியதாகவும், அச்சும் துணைப்பெண்ணும் அம்மனின் வேகத்தில் ஒளியாகக் கரைந்துபோனதாகவும், அதன் நினைவாக ஆண்டுதோறும் இந்த விழா நடப்பதாகவும் குரல் ஒன்று உருக்கமாகச் சொன்னது. எட்டுப் பேர் தோளில் ஒரு தங்கநிற நாற்காலி வந்தது. அதில் புடவை கட்டி, பூவைத்து, மடியில் அம்மனோடு வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் புடவை கட்டிய இன்னொருவன் கம்பியில் நின்றுகொண்டு ஓவென்று கூவினான். இரண்டு பக்கமும் ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. எல்லைக்கல்லுக்கு வெள்ளிக் கவசம் போட்டிருந்தார்கள். தங்கநிற நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வரைந்திருந்த சக்கரங்களை வெயிலுமுத்து கண்ணை மூடிக்கொண்டு, பரவசத்தோடு, கைகளால் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

பேராச்சி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோசலை செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அண்ணனின் கைகளையே உற்றுப் பார்த்தாள்.

"நல்லாப் பாரு, மதினி," என்றாள். "சக்கரத்தப் பின்பக்கமால்லா தள்ளுதான்."

செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் சிலேட்டை வாங்கினாள்.